குடியிருக்கப் போகிறவர்கள்

மகனை வெளியே போய் உட்காரச் சொன்னார் வக்கீல்.

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. அம்மா இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த இரண்டு வருடமாகக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இந்த ஊர் பாஷையை அவருக்குத் தமிழாக்கிச் சொல்பவன் அவன்தான்.

ஆனால் வீட்டுக் கடன் விஷயத்தில் இங்கே சட்டம் படு கறார். பெற்ற தாயே பணம் கொடுத்தாலும் தனியாக உட்காரவைத்து, யாராவது மிரட்டி வாங்குகிறார்களா என்று கேட்டாக வேண்டும். அதைத் தமிழில் கேட்க வெளியாள்தான் வர வேண்டும்.

அந்த வெளியாள்தான் மொழிபெயர்ப்பாளர். பன்னிரண்டு வருடமாக அவளுக்கு இதே பிழைப்பு. இவர் சொன்னதை அவரிடம், அவர் சொன்னதை இவரிடம். தன் வார்த்தை ஒன்றுகூட நடுவில் நுழையக்கூடாது. சொந்த வீட்டில் வாயாடி என்று பேரெடுத்தவளுக்கு அது லேசான காரியமில்லை.

வக்கீல் தாளைப் படிக்கப் படிக்க அவள் தமிழில் சொன்னாள். ஊரில் இருந்த வீட்டை விற்ற பணத்தை, என் மகன் வாங்கும் வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்கிறேன். இது கடன் இல்லை. திருப்பிக் கேட்கமாட்டேன். அந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் கிடையாது.

அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க இத்தனை காகிதமா என்று சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் அதையும் சொல்ல, வக்கீல் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

பிறகு, இனிமேல் நீங்கள் எங்கே குடியிருப்பீர்கள் என்று கேட்டார்.

வேறெங்கே, மகனோடுதான். மாடி ஏற முடியாது என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார் அந்த அம்மா. கீழே இருக்கும் அறை அவருக்கு. ஜன்னலுக்குத் திரைத்துணிகூட மருமகள் எடுத்தாயிற்று.

வக்கீல் கோப்பைப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

பாங்குக்கு மகன் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில், வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் நான்கு பேர். மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். உங்கள் பெயர் இல்லை. இந்த அரைமணி நேரம் நான் உங்களுடைய வக்கீல், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்றார்.

அதை மொழிபெயர்ப்பாளர் அப்படியே தமிழில் சொன்னாள். ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்துச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

"அப்போ அந்தத் திரைத்துணி எல்லாம் சும்மாவா?" என்றார் அந்த அம்மா.

அதையும் மொழிபெயர்த்தாள். வக்கீல் கோப்பை மூடிவைத்தார்.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அம்மா விசாரித்தார். முன்பணம் கட்ட இன்றுதான் கடைசி நாள், வீடு கைவிட்டுப் போய்விடும் என்றார் வக்கீல். ஏன் போடவில்லை என்று என் மகனிடம் சொல்வீர்களா என்று கேட்டார் அந்த அம்மா. சட்டப்படி சொல்லக்கூடாது என்றார் வக்கீல். மொழிபெயர்ப்பாளரும் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் வேலை போய்விடும்.

"நான் போடல" என்று தாளைத் தள்ளிவைத்தார் அந்த அம்மா.

மொழிபெயர்ப்பாளர் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் மொழிபெயர்த்தாள். மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டாள். தாயின் காசு மட்டும் போதும் என்கிற பிள்ளைகளை அவளும் நிறையப் பார்த்தவள். மனசுக்குள் போடுகிற சபாஷுக்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

இருவரும் வெளியே வந்ததும் மகன் எழுந்து ஓடிவந்தான். அந்த அம்மா முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார்.

"வெளிநாட்டுக்காரி காசு செல்லாதாம்ப்பா. சட்டம் ஒத்துக்கலையாம். நான் என்ன பண்ண முடியும், சொல்லு?"

அப்படியா என்பதுபோல அவன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான்.

"விடும்மா, உன் மேல என்ன தப்பு? வாடகை வீட்லயே இருந்துக்கலாம். சம்பளம் இல்லாத ஆள் ஒண்ணு கூட இருந்தா லோனைக் குறைச்சிடுவாங்கன்னு, ஃபாரத்துல உன் பேரைக்கூட எழுதாம விட்டேன். விடறதுக்குக் கையே வரல எனக்கு. அவ வேற, அத்தை பேரை எப்படி விடலாம்னு ரெண்டு நாள் என்கிட்ட பேசல."

அந்த அம்மா தலையைத் தூக்கி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கடிகாரத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார் அந்த அம்மா. இந்த ஊர் பாஷையில் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. துணைக்கு யாரையும் கூப்பிடவும் இல்லை. வக்கீலின் கதவைத் தள்ளித் திறந்து, வாசலில் நின்றபடியே, காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார்.