மாப்பிள்ளை ஏற்றிய லாபம்

“மாப்பிள்ளை, மொத்த லாபம் ஏறலைன்னா நாளைக்குப் பங்குதாரர்கள் என் நாற்காலியைப் பிடுங்கிடுவாங்க!” என்று பதறினார் சோப்புக் கம்பெனி சேர்மன்.

“ஏத்திட்டேன் மாமா. இருபது சதவீதம் இப்ப எழுபது,” என்றார் கணக்கு அதிகாரியான மருமகன்.

“அடேயப்பா! சோப்பு விலையைக் கூட்டினீங்களா?”

“பைசா கூட்டலை. மொத்த லாபத்துக்கு, வித்த பணத்துல மூலப்பொருள் செலவையும் தொழிற்சாலைச் செலவையும்தான் கழிப்பாங்க. ஆபீஸ் செலவு அந்தக் கணக்குலயே வராது.”

“அதனால?... வெளியே என்ன தடதடன்னு சத்தம்?”

கதவு திறந்தது. சோப்பு காய்ச்சும் அண்டாவை நாலு பேர் மூச்சிரைக்க உருட்டி வந்தார்கள்.

“தொழிற்சாலை மொத்தத்தையும் ஆபீசுக்குக் கொண்டுவந்துட்டேன். கொஞ்சம் எழுந்திருங்க மாமா, இதை வைக்க உங்க நாற்காலி இருக்கிற இடம்தான் பாக்கி.”