ராஜநீலத்தின் மறைவு

“மாவட்டத்தின் ஒரே ராஜநீலம் இன்று காலை நம்மைவிட்டுப் பிரிந்தது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறேன்.”

குழுவுக்கு அனுப்பிவிட்டு, தலைவர் கைப்பேசியை மாடித் தரையில் கவிழ்த்து வைத்தார்.

ராஜநீலம் ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

வயநாட்டிலிருந்து கொடியாக வந்தது. இலை நரம்பு ஊதா. தோல் ஊதா. வெட்டினால் உள்ளேயும் ஊதா. பெயர் அவர் வைத்தது. திண்டுக்கல் மாடித்தோட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர் என்பதால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அடுத்த மாதக் கண்காட்சியில் அதற்குத் தனி மேசை போடுவதாக இருந்தது.

வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு இன்றுதான் மாடியேறினார். பைகளில் கொடிகள் நுனிவரை காய்ந்து கிடந்தன. மண்ணைக் கிளறினார். கிழங்கெல்லாம் கூன்வண்டு துளைத்த ஓட்டை.

பச்சையாக ஒரு கணுகூட இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. தலையில் துண்டு போடக்கூடத் தோன்றவில்லை.

கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தார். வரிசையாகக் கைகூப்பும் படங்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டிருந்தார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கூட்டத்துக்கு யாரும் வெறுங்கையோடு வரக்கூடாது. சாண் நீளக் கொடியாவது கொண்டுவந்து, வேறொன்றை மாற்றிக்கொண்டு போக வேண்டும். வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவர். யாருக்கு எந்த ரகம் என்று முடிவு செய்கிறவரும் அவர்.

அவர் பேசும்போது குறுக்கே பேசாதவர்களுக்குச் சிவப்பு. பேசுகிறவர்களுக்கு வெறும் வெள்ளை ரகம்.

ராஜநீலம் கேட்டவர்களிடம், உங்கள் மாடி வெயில் அதற்குப் பத்தாது என்பார்.

திண்டுக்கல்லில்.

வெட்டிக் கழித்த கொடிகூட வெளியே போகக்கூடாது. எங்கும் துளிர்த்துவிடாதபடி வெந்நீரில் அவித்த பிறகுதான் குப்பையில் போட வேண்டும் என்று மனைவி காந்திமதிக்கு உத்தரவு. விளைந்த கிழங்கு கண்காட்சிக்கு. கண்காட்சி முடிந்தால் விதைக்கு. அடுப்புக்கு இதுவரை ஒன்றும் போனதில்லை.

கீழே கேட் திறக்கும் சத்தம்.

துக்கம் கேட்க வருகிறார்கள். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

முதலில் அதே தெருவில் இருக்கும் குழு உறுப்பினர் அமலோற்பவம் டீச்சர் படியேறி வந்தார். கையில் ஒரு கட்டுக் கொடி. பின்னால் இன்னோர் உறுப்பினர் காஜா மைதீன், தோளில் சாக்கோடு. சாக்கின் வாயிலும் கொடி. கடைசியாகக் காந்திமதி, சொம்பில் தண்ணீரோடு.

தலைவர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

ஊதா நரம்பு.

இன்னோர் இலை.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் முழுக்க இதுதானாம். இந்தத் தெருவில் இது இல்லாத வீடே கிடையாதாம். காஜா மைதீனின் ஆடுகள் வேறு தழையை இப்போதெல்லாம் மோந்துகூடப் பார்ப்பதில்லையாம்.

“தலைவருக்கு இல்லாததா? இன்னும் ரெண்டு சாக்கு வேணும்னாலும் அறுத்துட்டு வர்றேன்” என்றார் காஜா மைதீன். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

தலைவர் காந்திமதியைப் பார்த்தார்.

“கேஸ் விக்கிற விலையில கொடியை வேற அவிக்கச் சொன்னீங்க” என்றாள் காந்திமதி. “கேட்டவங்களுக்குக் குடுத்தேன்.”

ராஜநீலம் சாகவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும்.

ஆனால் எல்லார் வீட்டிலும் உயிரோடு இருக்கிறது.

எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முகம் அப்படியே நின்றது.

டீச்சர் அடையாளத்துக்கு ஒரு கிழங்கும் கொண்டுவந்திருந்தார். காந்திமதி அதைக் கீழே எடுத்துப்போய் அவித்து, துண்டு போட்டு, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். டீச்சரிடம் நீட்டினாள். இப்போதுதான் டிபன் சாப்பிட்டேன் என்றார் டீச்சர். காஜா மைதீன் பல்வலி என்றார்.

தலைவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

விருந்தாளிகள் இருவரும் பக்கத்து வீட்டு மாடியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மென்றார்.

இன்னும் மென்றார்.

நாரும் தண்ணீருமாக, சப்பென்று இருந்தது.