நெஞ்சு அடைக்குதுங்க

அவசரப் பிரிவுக்குள் தள்ளுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றில் யோகேஸ்வரி கிடந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே ஒரே சிவப்பு.

தாதி ஒருத்தி குனிந்து சிங்களத்தில் பெயர் கேட்டாள்.

"நெஞ்சு அடைக்குதுங்க," என்றாள் யோகேஸ்வரி தமிழில்.

தாதி காலுக்குக் கட்டுப் போட்டாள்.

"கால் இல்லைங்க, நெஞ்சு."

அடுத்து வந்த டாக்டரும் சிங்களத்தில்தான் கேட்டார். அவளும் தமிழில்தான் சொன்னாள். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, 'பேச இயலாதவர்' என்று அட்டையில் எழுதி அவள் கையில் கட்டினார். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் விசில் ஊதியது. குண்டு வெடித்தால் என்ன செய்வது என்று, யுத்தம் தொடங்கியதிலிருந்து அடிக்கடி நடக்கும் ஒத்திகை முடிந்தது. காயக்காரர்களாகக் கிடந்த மாணவத் தாதிகள் எழும்பிச் சிவப்பு மையைக் கழுவப் போனார்கள்.

பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் ருக்கியா கதிரையில் சாய்ந்து கண்களைக் கசக்கினாள்.

"கால்ல காயம்னு நடிக்கத்தானே நான் சொன்ன. நீங்க நெஞ்சுங்கிறீங்க, அதுவும் தமிழ்ல. எங்கள விட ஒங்களுக்கு நல்லா சிங்களம் வருமே புள்ள, ஏன் பேசல்ல?"

யோகேஸ்வரி கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கம்மாவுக்கு வராதே சிஸ்டர். போன வருசம் ஹேவாஹெட்ட தேயிலத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறப்ப விழுந்து, கால ஒடைச்சிக்கிட்டு இங்கதான் வந்தாங்க. நெஞ்சு அடைக்குதுன்னு கடைசி மூச்சு வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாங்களாம்."

அட்டையையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவங்களுக்கு யாரும் விசில் ஊதல."