பட்டியலில் ஒரு சைபர்

உடை மாற்றும் அறையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர்: தீவிர சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸான பெரியவர், அவருடைய மகன், அதே வார்டில் நர்ஸாக இருக்கும் மருமகள், வாசலை மறித்து நின்ற காவலாளி. ஆய்வக மேடம் பிந்தித்தான் வந்தார்.

முதல் குத்திலேயே மகனின் மூக்கு உடைந்தது. வெள்ளைக் கோட்டில் ரத்தம் கொட்டியது. பெரியவர் இடுப்பு பெல்ட்டை உருவினார்.

“மாமா, வேணாம் மாமா!”

“நீ தள்ளி நில்லும்மா. இது எனக்கும் இவனுக்கும்.”

பித்தளைக் கொக்கி மகனின் தோள் சதையைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

சங்கதி இதுதான். கொரோனா தடுப்பூசி இரண்டும் போட்டுக்கொண்ட ஊழியர்களுக்கு எவ்வளவு ஆன்டிபாடி ஊறியிருக்கிறது என்று பார்க்கப் போன வாரம் எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்கு முதல் ஆளாகத் தோளைக் காட்டிய பெரியவர், இதற்கும் முதல் ஆளாகக் கையை நீட்டினார்; ஒன்றாம் நம்பர் டியூபில் அவர் ரத்தம்தான். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லவும் செய்தார்.

“எவன் ரத்தத்துல சைபர் வருதோ, அவன் ஊசியைக் குப்பையில வீசிட்டு கையெழுத்து மட்டும் போட்ட திருடன். அவன் தோலை நான் உரிப்பேன்.”

இன்று காலை பட்டியல் ஒட்டினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒரே ஒரு சைபர். அது, ஆய்வகத்தில் அந்த மெஷினை ஓட்டுகிற அவர் மகனின் பெயருக்கு நேரே இருந்தது.

“முப்பத்தாறு வருஷம்டா! என் பேரைச் சொன்னா இந்த வார்டுல பொணம்கூட எழுந்து உக்காரும். அந்தப் பேரைச் சாக்கடையில போட்டுட்டியே!”

“ரெண்டு ஊசியும் போட்டேம்ப்பா.”

“போட்டவனுக்கு எப்படிடா சைபர் வரும்?”

 மகன் அடியைத் தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை.

அது பெரியவரை இன்னும் வெறியாக்கியது. எட்டி உதைத்தார். இரும்பு அலமாரி சரிந்தது. அதன் விளிம்பு பட்டுத் தெறித்த பல் ஒன்று தரையில் உருண்டது.

“ஐயா, தம்பி செத்துடுவாருய்யா” என்றான் காவலாளி.

“செத்தா எனக்குத்தான் மகன் இல்லாமப் போவான். உனக்கென்ன?”

மறுபடி ஓங்கியபோது, வீங்கிய விரல்கள் பெல்ட்டைப் பிடிக்க மறுத்தன. மூன்று வருடமாக மாத்திரை விழுங்கியும் அடங்காத வலி. “சனியன் பிடிச்ச விரலு” என்று பெல்ட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஆய்வக மேடம் வந்தார். கையில் மெஷினிலிருந்து நேராக எடுத்த தாள்.

“நிறுத்துங்கய்யா! இங்க யாரும் யாரையும் ஏமாத்தலை. மூட்டு வாதத்துக்குச் சாப்பிடற சில மாத்திரை இருக்கு. அதைச் சாப்பிட்டா சிலருக்கு ஊசி போட்டும் ஒண்ணுமே ஊறாது.”

“இவனுக்கு ஏது மூட்டு வாதம்? குதிரை மாதிரி இருக்கான்.”

மேடம் அவருடைய விரல்களைப் பார்த்தார். பிறகு, தரையில் கிடந்தவனைப் பார்த்தார்.

“மெஷின்ல வந்தது ஒண்ணு, பட்டியல்ல ஏறினது ஒண்ணு. ரெண்டு பேரோட கணக்கை இவன் மாத்தி அடிச்சிருக்கான்.”

“அப்பாகிட்ட சொல்லாதீங்க மேடம்” என்று ரத்தத்தைத் துப்பினான் மகன்.

காவலாளிக்கு எதுவும் விளங்கவில்லை. “தம்பி ஊசியே போட்டுக்கலைன்னு ஆஸ்பத்திரி பூராப் பேசுதே மேடம்?”

“பொய். அவன் ரெண்டும் போட்டிருக்கான். சைபர் வந்தது ஒண்ணாம் நம்பர் டியூபுக்கு.”