பல் அச்சு

இருபது வயசுப் பையனின் பற்கள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மேஜை மேலிருந்த அந்தப் பிளாஸ்டர் அச்சில் கடைவாய்ப் பற்கள் எல்லாம் தேய்ந்து மட்டமாகிக் கிடந்தன. அடியில் 'குருபிரசாத், இரண்டாம் ஆண்டு' என்று பென்சிலால் எழுதியிருந்தது.

டாக்டர் கோமு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாரம் ஒருமுறை அந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்கு வந்து மாணவர்களோடு பேசிவிட்டுப் போகிற மனநல மருத்துவர் அவள். ஆய்வுக்கூட அலமாரியில் அடுக்கியிருந்த அச்சுகளுக்கு நடுவே இது கண்ணில் பட்டதும் கையோடு எடுத்து வந்துவிட்டாள்.

தீராத கவலை உள்ளவர்கள் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதுண்டு. வாய் மறைப்பதைப் பல் காட்டிக் கொடுத்துவிடும். போன வருஷம்தான் இந்தக் கல்லூரி விடுதியில் மனசொடிந்த ஒரு பையனைப் பறிகொடுத்தார்கள். இன்னொருவனை விடக் கூடாது.

முதலில் சல்மான் ஃபாரிஸைக் கூப்பிட்டாள். காயல்பட்டினத்துப் பையன். குருபிரசாத்துக்கு அறையிலும் வகுப்பிலும் அவன்தான் ஜோடி. அவன் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

"குரு ராத்திரி ஒழுங்கா தூங்குதானா?"

"நான் எப்பப் பாத்தாலும் குறட்டை விட்டுட்டுதான் கெடக்கான் மேடம். மூணு மணிக்குப் பாத்தாலும் குறட்டைதான்."

"யார்கிட்டயும் பேச மாட்டேங்கானாமே."

"ராதாபுரத்து ஆளுல்லா, தண்ணிப் பஞ்சம் புடிச்ச ஊரு. தண்ணி மாதிரி பேச்சையும் அளந்துதான் விடுவான்."

"வீட்ல எதுவும் நெருக்குதாங்களா?"

"பல்லு டாக்டருக்குப் படிக்கிற எல்லாருக்கும் உள்ளதுதான் மேடம். எங்க வாப்பா துபாய்ல இருந்துகிட்டு, மவன் எம்.பி.பி.எஸ். படிக்கான்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்காங்க. அடுத்த வாரம் வாராங்க. யாருக்காவது நெஞ்சுவலின்னா என்னயத்தான் கூப்பிடுவாங்க. நான் போயி, வாயைத் தொறங்கன்னு சொல்லணும்."

கோமுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவனில் பாதி அந்தக் குரு இருந்தால் கவலையே இல்லை.

"அவனைக் கொஞ்சம் பாத்துக்கோ."

"சரி மேடம். போறேன்."

"போயிட்டு வாரேன்னு சொல்லுப்பா."

அதற்கும் ஒரு சிரிப்புதான். கதவைப் பைய சாத்திவிட்டுப் போனான்.

அடுத்து குருபிரசாத் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கோமு அச்சை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பல்லு எப்படித் தேஞ்சிருக்கு பாத்தியா? மனசுல என்ன கெடக்குன்னு எங்கிட்ட சொல்லு. எதுவானாலும் சரி பண்ணிரலாம்."

குரு அச்சைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, அவள் பார்த்தவரையில் முதல் முறையாக, வாய்விட்டுச் சிரித்தான்.

அவன் பற்கள் கடைவாய் வரை நேற்று முளைத்தது போலக் கூர் மழுங்காமல் இருந்தன.

கோமு அச்சை வாங்கி அடியில் இருந்த எழுத்தைக் காட்டினாள். "இதுல உன் பேருதானே போட்டிருக்கு?"

"அச்சு எடுத்தது நான். அதான் என் பேரு. எங்க வகுப்புல ஜோடியோட வாயிலதான் எடுக்கணும்."

"அப்போ இது யாரு பல்லு?"

"இப்ப இங்கேருந்து போனான்லா மேடம், அவன் பல்லு."