மூன்றாம் மாடிப் பூட்டு

"மேயரோட அக்காவாம்! இதுக்கு மேல என்னய்யா தகுதி வேணும்?"

டிரைவர் சொன்னதும் தீயணைப்பு வண்டியில் இருந்த நால்வரும் சிரித்தார்கள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

நகரத் தீயணைப்புத் துறைக்கு இன்று புதுத் தலைவர் பதவியேற்கிறார். அந்த நாற்காலி துணைத் தலைவருக்குத்தான் என்று நிலையமே நம்பியிருந்தது. இருபத்தெட்டு வருட சர்வீஸ். வலது கையில் முழங்கை வரை தீக்காயத் தழும்பு.

"அந்தம்மாவும் வேற ஊர்ல இருபது வருஷம் இதே வேலைதான் பார்த்தாங்களாம்."

"பார்க்கட்டும். தம்பி கூப்பிடுவாராம், அக்கா வந்து உட்காருவாங்களாம், நாம கைதட்டணுமாம்!"

டிரைவர் சட்டைப் பையைத் தட்டினார். உள்ளே மனு. அறுபது பேர் கையெழுத்து. 'இந்த நியமனத்தை ரத்து செய்யுங்கள். இல்லையேல் அனைவருக்கும் இடமாற்றம் கொடுங்கள்.' விழா முடிந்ததும் மேயர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு.

துணைத் தலைவருக்கு மட்டும் சொல்லவில்லை. வெந்த புண்ணில் வேல் எதற்கு?

மேயர் அலுவலகம், மூன்றாம் மாடி அரங்கம். முந்நூறு பேர். மேடையில் மேயர் காத்திருந்தார்.

புதுத் தலைவர் வந்தார். மேடை ஏறவில்லை. விறுவிறுவென்று அரங்கத்தின் கோடிக்கு நடந்து, அங்கே தொங்கிய திரையை விலக்கினார்.

அவசர வழிக் கதவு. கைப்பிடியில் சங்கிலி. சங்கிலியில் துருப்பிடித்த பூட்டு. முன்னால் உடைந்த நாற்காலிகளின் குவியல்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை.

"எல்லாரும் நிதானமா கீழே இறங்குங்க. விழா வாசல்ல நடக்கும். இந்த ஹாலுக்கு இப்பவே சீல்."

மேயர் ஓடி வந்தார். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு அக்கா. இத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கேன்!"

"அதனாலதான்டா சொல்றேன். கூப்பிட்டவங்க முழுசா வீடு போய்ச் சேரணும். நீ முதல்ல இறங்கு. படியில ஓடாதே, சின்ன வயசுல மாதிரி உருண்டுடுவே."

முந்நூறு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"டிரைவர், வண்டியில சங்கிலி வெட்டுற கட்டர் இருக்கா?"

"இருக்கு மேடம்!"

தன் குரலில் அவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வந்தது என்று டிரைவருக்கே தெரியவில்லை. இரண்டே அமுக்கு. சங்கிலி விழுந்தது. கதவு திறந்ததும் ஜிலுஜிலுவென்று காற்று.

வாசலில், தீயணைப்பு வண்டியின் படியில் நின்று புதுத் தலைவர் பிரமாணம் எடுத்தார். கைதட்டலில் பக்கத்துக் கட்டட ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

டிரைவரின் கை சட்டைப் பைக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"என்னய்யா அது?" மேயர் மனுவை வாங்கிப் படித்தார். முகம் தொங்கிப்போனது.

"இதை நேத்தே கொடுத்திருக்கக் கூடாதா? அறுபத்தோராவதா நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனே! 'சொந்தக்காரங்களைப் போட்டா ஊரே ஏசும், அதைவிட அக்கா ஏசும், வேண்டாம்'னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'பதவி எனக்கு வேணாம், உங்க அக்காவுக்குத்தான் கொடுக்கணும்'னு ஒத்தைக் கால்ல நின்னுட்டாரே உங்க துணைத் தலைவர்!"

"எங்க சாரா?"

எல்லோரும் திரும்பினார்கள். துணைத் தலைவர் தழும்புக் கையால் பிடரியைத் தடவிக்கொண்டார்.

"அந்தப் பூட்டுக்கு ஆறு வருஷம் முன்னாடியே நோட்டீஸ் எழுதிட்டேன்பா. மேயர் ஆபீஸாச்சே, கொடுக்கத்தான் துணிச்சல் வரல. டிராயர்லயே கிடக்கு. மேயருக்குப் பயப்படாத அதிகாரி ஒருத்தராவது வேணும்னு ஊர் ஊரா விசாரிச்சேன்."

புதுத் தலைவரைப் பார்த்துச் சிரித்தார்.

"கடைசியில அவர் வீட்டுலயே கிடைச்சாங்க."