தேதி வரிசை

ஹாலில் இருந்தவர்கள் நான், என் மனைவி, மகன், மருமகள், என் தம்பி. என் நாற்காலியில் வேறு யாரும் உட்காரும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. அதில் அமர்ந்தபடி, போனில் சொந்தக்காரர்கள் போடும் படங்களைப் பார்க்கப் போனால் கண்ட குப்பையெல்லாம் முதலில் வருகிறது என்றேன். மகன் தேதி வரிசைக்கு மாற்றித் தந்தான்.

"இனிமே புதுசுதான் மேல வரும்ப்பா."

மருமகள் போட்ட படம் மேலே வந்தது. என் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருக்க, மற்ற மூவரும் சுற்றி நின்று சிரித்தார்கள். தேதி நாளையது.

"இதை நான் இன்னும் போடவே இல்லையே, மாமா!" என்றாள் மருமகள்.

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடுண்ணா, ஒரு நாற்காலிதானே" என்றான் தம்பி.

கோபித்துக்கொண்டு நான் வீட்டைவிட்டுப் போய்விட்டதாக உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மறுநாளும் நான் நாற்காலியில்தான் இருந்தேன்; யார் கண்ணிலும் படவில்லை. தம்பி வந்து என் மேலேயே உட்கார்ந்தான். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.